டம்ளரில் வெட்டிய சாவி

1

இன்று அம்மாவின் தலைத்திவசம். இதைக் காலை ரயிலில், மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோணல் என்னுடையதில்லை, தண்டவாளத்தினுடையது.

திவசம் கொடுப்பவன் தம்பி சேகர். பாரிசிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கிறான். நேற்று போனில் வாழைக்காய் கிடைக்கவில்லை என்று ஒரே புலம்பல். கிடைத்ததை வைத்துப் படைடா, அம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பெற்றவள் செத்த நாளுக்கு லீவு கேட்கும் படிவம் எங்கள் ஆஸ்பத்திரியில் உண்டு. செத்து வருஷம் திரும்புகிற நாளுக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாத துக்கத்தை இந்த நாட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்வரலாம் என்றிருக்கிறேன். வீடு ஒரு மணி நேர ரயில் தூரம். சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிஷம். எப்படி என்று காரைக்காலில் இருந்து படிக்கிறவர்கள் கேட்பீர்கள். எங்கள் மேற்பார்வைக்கார அம்மாளும் கேட்டாள். முன்பு ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் எங்கே போனாய் என்று விசாரித்தபோது, வீட்டுக்குப் போயிருந்தேன் என்று என் பிரெஞ்சில் சொல்லிவைத்தேன். அனுமதி இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போனதற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னாள். கையோடு வரவேற்பு மேசைக்குப் பின்னால் கூட்டிப்போய் அந்தப் பெட்டியைக் காட்டிய பிறகுதான் விட்டாள்.

மினிடெல் என்று பெயர். டெலிபோனோடு சேர்ந்த சின்னத் திரை, கீழே எழுத்துப் பொத்தான்கள். டெலிபோன் புத்தகம் அச்சடிப்பதற்குப் பதிலாக அரசாங்கமே வீடு வீடாகக் கொடுத்தது. அதிலிருந்து என் வீட்டு நம்பரைச் சுழற்றினால் மனிதர் யாரும் எடுப்பதில்லை. மகளுடைய கம்ப்யூட்டர் எடுக்கும். கூ என்று கத்தும். பொத்தானை அமுக்கினால் திரையில் 'கோவில்பத்து' என்று காரைக்காலில் எங்கள் பகுதியின் பெயர் பிரெஞ்சு எழுத்தில் வரும். பிறகு ரகசிய எழுத்தைக் கேட்கும். சரியாகச் சொன்னால் வீட்டுக்குள் இருக்கும் கடிதங்களையெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். புதிதாக எழுதியும் வைக்கலாம்.

இன்று காலை கிளம்புமுன் அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிதத்தை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். அம்மா எனக்கு எழுதியது. சேகரிடமிருந்து இரண்டு வருஷமாக அதை மறைத்து வைத்திருந்தேன். அதைப் படித்த பிறகு அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவானா என்று தெரியவில்லை. மதியம் தெரியும்.

2

மகள் நிர்மலாவுக்கு இந்த ஊருக்கு வரும்போது எட்டு வயது. தமிழில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தவள் ஒரே வருஷத்தில் அதை மறந்தாள். பேசினால் புரியும். பதில் பிரெஞ்சில் வரும். அம்மாவிடமிருந்து நீலக் கடிதம் வந்தால் நான் உரக்கப் படிக்க வேண்டும், இவள் நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்பாள். பிறகு அதற்கும் நேரமில்லாமல் போயிற்று. நான் வருகிறபோது அவள் படித்துக்கொண்டிருப்பாள், அவள் ஓய்ந்தபோது நான் தூங்கிவிட்டிருப்பேன்.

பதினேழாவது வயதில் யாரிடமோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து டெலிபோன் கம்பியோடு இணைத்தாள். அதற்குள் போட ஏதாவது வேண்டுமே. பாட்டி கடிதங்களைப் பிரெஞ்சு எழுத்தில் தமிழாகவே அடித்துக் கொடுங்கள், நான் பள்ளிக்கூடத்து மினிடெல்லில் படித்துக்கொள்கிறேன் என்றாள். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். மூன்று மாதத்தில் அம்மாவின் ஒன்பது வருஷக் கடிதமும் உள்ளே போயிற்று.

வசதியைக் குறை சொல்ல மாட்டேன். மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அம்மா எழுதியதைத் திரும்பப் படிக்கலாம், பதிலுக்கு நாலு வரி எழுதி வைக்கலாம், மாலையில் அதைப் பார்த்துக் கையால் எழுதித் தபாலில் போடலாம். இப்போது நிர்மலா வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒரு முறை ரயிலில் வருவாள். ஆனால் கம்ப்யூட்டர் வழியாகத் தினமும் வந்துபோகிறாள். வாசலில் செருப்பு மட்டும் இருக்காது.

தொந்தரவும் உண்டு. பகலில் யார் போன் செய்தாலும் கம்ப்யூட்டர்தான் எடுத்துக் காதில் கத்தும். எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் தலத்தெரு லூர்து அக்கா, உங்க வீட்டுப் போனுக்கு ஜன்னி கண்டிருக்கா என்று படியேறி வந்து கேட்டார்கள்.

ரகசிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தது நான். சுலபமாக யாரும் ஊகிக்கிற மாதிரி இருக்கக்கூடாது, பிறந்த நாள் கூடாது, பெயர் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். நானும் யோசித்து, அப்பா பெயரின் பிரெஞ்சு முதலெழுத்து இரண்டு, காரைக்காலுக்கு மூன்றெழுத்து, அப்பா அம்மா கல்யாணமான வருஷத்தின் இரண்டு எண் என்று சேர்த்துச் சொன்னேன். பலே என்றாள். உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாதாம்.

அந்த ஏழும் எனக்கு எப்படிச் சட்டென்று வாயில் வந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் அதைத்தான் வெட்டியிருந்தது. பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் வழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய் உத்தியோகம் பார்த்த அப்பா அதைப் பிரெஞ்சு எழுத்தில் வெட்டச் சொல்லியிருந்தார். நான் இங்கே வரும்போது அம்மா ஆறு டம்ளர் கொடுத்தனுப்பினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதில்தான் காபி. பூட்டைப் போட்டுவிட்டு, சாவியில் காபியை ஊற்றி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

3

சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை இந்தியாவிடம் விட்டுப்போனபோது அப்பா கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு காகிதத்தால் நாங்களெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள். அதை வைத்துத் தம்பி பத்தொன்பது வயதில் இங்கே பட்டாளத்தில் சேர்ந்தான். நான் அப்போது கைக்குழந்தையோடு கோவில்பத்தில், கணவர் பிரான்சிலிருந்து கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

அவனுக்கு இருபத்தைந்து ஆனதும் வீட்டில் பெண் பார்த்தார்கள். கடிதம் கடிதமாக எழுதியும் வர மறுத்தான். அப்பா ஒரு தந்தி கொடுக்கச் சொன்னார். தபாலாபீசுக்குப் போய்ப் படிவம் எழுதியவள் நான். தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு. அவன் கேப்டனிடம் கெஞ்சி லீவு வாங்கி, விமானம், ரயில், பஸ் என்று மாறி வந்து வாசலில் இறங்கினான். வீடு சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. அம்மா பட்டுப்புடவையில் பலகாரத் தட்டோடு நின்றார்கள். பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். பட்டாளத்தில் ஒவ்வொருவனும் அம்மா பிழைத்துக்கொண்டாளா என்று கேட்க, இவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்துபோனார். அன்றைக்கும் நான்தான் தபாலாபீசுக்கு ஓடினேன். இறந்துவிட்டார் என்று தந்தி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாதே. வருகிறவன் வழியில் நெஞ்சு வெடித்து விழுந்துவிடுவான் என்று கவலைக்கிடம் என்றுதான் கொடுப்போம். தந்தை கவலைக்கிடம், உடனே புறப்படு. சேகர் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டான். இன்னொரு பெண் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் பத்திரிகை தபாலில் போய்ச் சேர்ந்தபோதுதான் இவனுக்குத் தெரிந்தது.

கொள்ளி வைக்க வராதவன் என் வாசப்படி ஏற வேண்டாம் என்று அம்மா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அவனும் எழுதவில்லை. பத்து வருஷம். நான் இங்கே வந்த பிறகு, இந்த நாட்டின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு வருஷா வருஷம் என் வீட்டுக்கு வருவான். ஊர்ப் பேச்சை எடுத்தால் சிகரெட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்நெஞ்சன் என்று அவன் முகத்துக்கு நேரேயே திட்டியிருக்கிறேன்.

4

கம்ப்யூட்டர் வந்த வருஷம் ஜூலை பதினாலுக்கும் ஏழெட்டுக் குடும்பம் வந்திருந்தது. பிரியாணி சாப்பிட்ட பிறகு எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிகரெட்டோடு பால்கனிக்குப் போய்விட்ட சேகரைத் தவிர எல்லோரையும் கீழே லூர்து அக்கா வீட்டு மினிடெல் முன்னால் உட்கார்த்தி, மேலே இருக்கும் என் வீட்டைத் திறந்து காட்டினேன். ரகசிய எழுத்தை ஒரு விரலால், ஒவ்வொன்றாக, வாயாலும் சொல்லிக்கொண்டே அடித்தேன். கையால் மறைக்கலாமே என்று நிர்மலா பிரெஞ்சில் முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் கையைப் பொத்திக்கொண்டு அடித்தால் அவர்களைத் திருடர்கள் என்று சொல்வதாக ஆகாதா? சும்மா இரு என்றேன்.

ஆகஸ்டு கடைசியில் அவள் ஒரு பட்டியலைக் காட்டினாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் குறித்து வைக்குமாம். பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒருவர் தினமும் வந்திருந்தார். அந்த நேரத்தில் நானும் போவதில்லை, அவளும் போவதில்லை. வந்தவர் ஒன்றையும் அழிக்கவில்லை, எழுதவுமில்லை. அம்மாவின் கடிதங்களை முதலிலிருந்து வரிசையாகப் படித்திருந்தார். சிலதை நாலைந்து தடவை.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. அந்தக் கடிதங்களில் என்னதான் இல்லை? அம்மாவின் மூட்டுவலி, என் கணவர் மேல் அம்மாவுக்கு இருந்த மனத்தாங்கல், நான் முதல் வருஷம் இங்கே அழுது எழுதியதற்கு அவர்கள் சொன்ன ஆறுதல், எல்லாம். வீட்டில் திருடு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பொருள் அப்படியே இருக்கிறது, ஆனால் யாரோ தினமும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கதவும் உடையவில்லை.

எழுத்தை மாற்றிவிடுவோம், தீர்ந்தது என்றாள் மகள். எனக்குத் தீரவில்லை. பூட்டை மாற்றினால் திருடன் போய்விடுவான். யார் என்று தெரியாமல் நான் எப்படி இத்தனை பேருக்கும் சிரித்துக்கொண்டு காபி கொடுப்பேன்? யார் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றேன். அப்படியானால் உள்ளே ஒரு பொய்யை வையுங்கள், அதை யார் வெளியே பேசுகிறார்கள் என்று பாருங்கள் என்றாள். அவள் ஏதாவது சின்னப் பொய்யைத்தான் நினைத்திருப்பாள்.

நம் ஆட்களை எனக்குத் தெரியும். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்று வளர்ந்தவர்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் வந்து விசாரிக்காமல் இருந்தால் அவர்களுக்குச் சோறு இறங்காது. அதனால் ஊரிலிருந்து வந்த செய்தி போல அடித்தேன். அம்மா படுத்த படுக்கை. கஞ்சிகூட இறங்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த நேரம் மேசை மேல் அம்மாவின் ஆயுள் சான்றிதழ் நகல் கிடந்தது. அப்பாவின் பென்ஷனில் அம்மாவுக்கு ஒரு பங்கு வரும். அதற்காக வருஷா வருஷம் ஆபீசுக்கு நேரில் போய், உயிரோடு இருப்பதாக முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். 'நான் உசுரோட இருக்கேன்னு நானே போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்களாம், இன்னொருத்தன் முத்திரை குத்தணுமாம்' என்று அதோடு வந்த கடிதத்தில் அம்மா சிரித்திருந்தார்கள். மேற்படி விதவை என் முன் நேரில் வந்தார், உயிருடன் இருக்கிறார் என்று அதில் கொட்டை எழுத்து. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு விரலால் அம்மாவைப் படுக்கையில் தள்ளினேன். திருநள்ளாற்றில் எள்விளக்குப் போடுகிறேன் என்று மனசுக்குள் நேர்ந்தும் கொண்டேன். நிர்மலா படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அது பாட்டி" என்று தமிழில் சொன்னாள். அழிக்கச் சொல்லவில்லை. நானும் அழிக்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை டிகாக்‌ஷன் போட்டுவைத்துக் காத்திருந்தேன். பதினொரு மணிக்கு மணி அடித்தது. லூர்து அக்கா. கையில் ஒரு தட்டு. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, ஊர்ல அம்மா எப்படி இருக்காங்க என்றார்கள்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. அவர்கள் முகம் மாறிவிட்டது. தினமும் கேட்கிறதைத்தானே கேட்டேன் என்றார்கள். அடுத்தவங்க கடுதாசியப் படிக்கிற பழக்கம் எங்க வீட்டுல இல்லைங்க என்று நான் சொன்னதும் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். தட்டில் அதிரசம். அவர்கள் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மகள் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மூன்றரை மணிக்காரர் பொய்யைப் படித்தது வெள்ளிக்கிழமை. இரண்டே தடவை படித்திருந்தார். அதற்குப் பிறகு வரவேயில்லை. லூர்து அக்காதான், மாட்டிக்கொண்டதும் நிறுத்திவிட்டார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். உள்ளே வைத்த பொய்யை அன்றே அழித்தோம். ரகசிய எழுத்தை மாற்ற வேண்டும் என்று பேசி, பேச்சோடு நின்றது.

மூன்று வாரம் கழித்து நீலக் கடிதம் வந்தது. இன்று காலை கம்ப்யூட்டரில் ஏற்றியது அதுதான். அப்படியே தருகிறேன்.

'ராஜி, சேகர் வந்திருக்கான். செவ்வாய்க்கிழமை பத்து மணி பஸ்ஸுல வந்து எறங்கினான். நான் கொல்லையில மீன் ஆஞ்சுகிட்டிருந்தேன். வாசல்ல நின்னுகிட்டு, ஒடம்பு எப்படிம்மா இருக்குங்கறான். பன்னெண்டு வருசம் கழிச்சு வந்தவன் கேக்குற மொத கேள்வியா இது. யாரோ என்னமோ எழுதியிருக்காங்கன்னு புரிஞ்சுபோச்சு. நம்ம குடும்பத்துக்குத் தந்தி குடுக்குறது புதுசா என்ன. கையக்கூட கழுவல, முந்தானையில தொடைச்சுகிட்டு உள்ள போய்க் கட்டில்ல படுத்துட்டேன். இப்பத் தேவலைப்பான்னேன். பக்கத்துல உக்காந்து என் ரெண்டு கையையும் புடிச்சு மூஞ்சில வச்சுகிட்டு அழுதான். நானும் அழுதேன். ஆறு நாளா கஞ்சி தவிர ஒண்ணும் குடுக்க மாட்டேங்கறான். ஆஞ்ச மீனு பக்கத்து வீட்டுக்குப் போச்சு. யாரு என்ன எழுதினாங்கன்னு நான் கேக்கல. நீயும் அவன்கிட்ட சொல்லிக்காத.'

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. நான் எழுதியது மட்டும் பலித்திருந்தால், அவன் போய் இறங்கும்போது நிஜமாகவே எதுவும் நடந்திருந்தால், என் கையை நானே வெட்டிக்கொண்டிருப்பேன்.

6

சேகர் திரும்பி வந்ததும் போன் செய்தான். என்னைப் பேச விடவில்லை. முதலில் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும் என்றான். முந்தின வருஷங்களிலெல்லாம் நாள்காட்டி பார்த்து அப்பா திதியைத் தானே கண்டுபிடித்து யாருக்கும் தெரியாமல் கொடுத்துவந்திருக்கிறான். அந்த வருஷம் நாள் குழம்பியதால் என்னைக் கேட்கப் போன் செய்திருக்கிறான். கம்ப்யூட்டர் காதில் கத்தியிருக்கிறது.

"மினிடெல்லு பொத்தான அமுக்கினேன்க்கா. கோவில்பத்துன்னு வந்துச்சு. என்னமோ எழுத்து கேட்டுச்சு. கையில நம்ம வீட்டு டம்ளரு. அதுல இருந்ததப் பாத்து அடிச்சேன், தெறந்துகிச்சு. நான் என்னா செய்ய?"

அவனிடமும் ஒரு டம்ளர் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. பட்டாளத்துக்குப் போகும்போது அம்மா பெட்டியில் வைத்து அனுப்பியது. ஒன்றரை மாதம், வேலை விட்டு வந்ததும் மூன்றரை மணிக்கு, அம்மா எனக்கு எழுதியதையெல்லாம் படித்திருக்கிறான். தன் பெயர் வருகிறதா என்று தேடியிருக்கிறான். வந்திருக்கிறது. அவன் சாப்பிட்டானா, இளைத்திருக்கிறானா, ஜூலை பதினாலுக்கு வந்தானா என்று அம்மா ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கேட்டிருந்தார்கள். அதை அவனிடம் சொல்லக்கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். நானும் சொன்னபடி கேட்கிற பெண்ணாக இருந்துவிட்டேன்.

உடம்பு முடியவில்லை என்று படித்ததும் ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா பொய் சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு. எனக்குன்னு வந்த தந்தியத்தான்க்கா நம்பல. இது நீ உனக்கு எழுதி வச்சுகிட்டது. அதனாலதான் நம்பினேன்."

அவன் வாழ்க்கையில் மூன்று முறை அந்தச் செய்தியை எழுதியவள் நான். முதலாவது பொய், இழுத்து வந்தது. இரண்டாவது மெய், அதை நம்பவில்லை. மூன்றாவது பொய்யை மட்டும், திருடிப் படித்ததால், வேதமாக எடுத்துக்கொண்டான். அம்மாவுக்கு இப்பத் தேவலையாம்டா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அம்மா எழுதிய அந்தக் கடிதத்தை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. துணி அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இத்தனை மின்சார வித்தைக்கும் பிறகு கடைசியில் நான் நம்பியது அந்தச் சின்னப் பித்தளைச் சாவியைத்தான்.

லூர்து அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படிப் பேசினேன் என்று சொல்ல முடியவில்லை. மன்னித்துவிட்டார்கள். ஆனால் இப்போதெல்லாம் என் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட, கேட்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டார்கள். அதை எந்த எழுத்தை மாற்றி நான் சரிசெய்வது?

அம்மா இருந்தது அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான். தாய் கவலைக்கிடம் என்று இரண்டு பேருக்கும் தந்தி வந்தது. சேகர் ஒன்றும் கேட்கவில்லை. என்னை விமான நிலையத்தில் வந்து சந்தித்தான். அவன்தான் கொள்ளி வைத்தான்.

7

இது மாலை ரயில். கூட்டம். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஏன் இன்றைக்கு என்று கேட்டால், சொல்லாதே என்று சொன்னவர்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் உத்தரவுக்கு வருஷம் முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். சேகர் இன்னும் மூன்றரை மணிக்குத் தினமும் வருகிறான், இப்போது என் அனுமதியோடு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அவன் சத்தியமாக நினைக்கிறான். அதில் ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் நான் சும்மா இருப்பது, அவன் தினமும் வருகிற வீட்டில் ஒரு அறையைப் பூட்டி வைத்த மாதிரி இருந்தது. கடிதத்தை ஏற்றி, கீழே, நோய் என்று எழுதியது நான்தான், யாரையோ பிடிக்க எழுதினேன் என்று ஒரு வரி சேர்த்தேன். வேறு விளக்கம் எழுத வரவில்லை.

ஒரு மணிக்கு வரவேற்பு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து என் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். கூ என்றது. டம்ளரில் வெட்டிய ஏழு எழுத்தையும் அடித்தேன். இது அச்சில் வந்த பிறகாவது மாற்றுங்கள் என்று நிர்மலா கண்டிப்பாகச் சொல்லுவாள். மாற்ற வேண்டும்தான். சேகரிடம் கேட்டுவிட்டு மாற்றுவேன்.

இன்று அவன் மூன்றரைக்குக் காத்திருக்கவில்லை. திவசம் முடித்து, பன்னிரண்டு பத்துக்கே வந்துவிட்டுப் போயிருந்தான். என் வரிக்குக் கீழே மூன்று வரி இருந்தது. பின்னால் யாரோ வார்டு நம்பர் கேட்டு நின்றார்கள். எனக்குத் திரை கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

'அன்னிக்கு அம்மா கையப் புடிச்சப்பவே மீன் கவிச்சி அடிச்சுதுக்கா. அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ஆறு நாளும் கஞ்சி குடுத்தேன்.'